கங்கையின் ஈரம்

மருமகள் புளி போட்டுத் தேய்த்த பித்தளை கங்கைச் சிலையை ஈரத்தோடு மாடத்தில் வைத்துவிட்டாள். அந்தப் புளிப்பு வாடையில், கோரமண்டல் தங்கச் சுரங்கத்தருகே இருந்து இன்று மண்மேடு மூடிவிட்ட எங்கள் மூங்கில் தட்டிவீடும், அப்பா ஷிப்டுக்குக் கிளம்பும் வெள்ளிக்கிழமைகளில் இதே சிலையைத் தேய்த்து, கங்கை ஏறி நிற்கும் முதலையின் வாய்க்குள்ளும் முந்தானையை நுழைத்து ஓயாமல் துடைத்த அம்மாவின் வளையல் சத்தமும் திரும்பி வருகின்றன.

“இன்னாத்துக்கு இம்மாந் தொடைக்கிற?” என்பார் அப்பா.

“நீ மேல வர்ற வரிக்கும் அவ ஒடம்புல சொட்டு ஈரம் நிக்கக் கூடாது. சுரங்கத்துல பூந்துடுவா.”

தண்ணீர் அப்பாவை ஒருநாளும் தொடவில்லை. காய்ந்த பாறைத்தூசிதான் நெஞ்சை அடைத்து அவரைக் கொண்டுபோனது. அதன் பிறகும் அம்மா துடைத்தாள். அவளுக்குப் பின் நான்.

இப்போது என் மகன் வேறொரு சுரங்கத்தின் கீழே ஷிப்டில் இருக்கிறான். துடைக்க எடுத்த முந்தானையை விட்டுவிட்டேன். கங்கை நனைந்தே இருக்கட்டும்.