சிஸ்டர் பதிந்த குரல்

கம்பம் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து ஐசியுவில் கிடந்தபோதுதான் அந்த சிஸ்டரைப் பார்த்தேன். குள்ளமான உருவம். கொண்டையில் பேனாவைச் செருகிவிட்டு, அதையே வார்டு முழுக்கத் தேடுவார்.

கட்டிலருகே புதிதாக வந்த மிஷின் ஒன்று, மணிக்கொரு தரம், "தயவுசெய்து ஆழமாக மூச்சை இழுக்கவும்" என்று தானாகவே சொல்லும். அப்பா அதை ரேடியோ செய்தி போலக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது.

சிஸ்டர் அந்தக் குரலை எடுத்துவிட்டுத் தன் குரலைப் பதிந்தார்: "ஐயா, சாப்டீகளா? மூச்ச நல்லா இழுங்க."

அப்பாவுக்கோ அப்போது பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. முதல் கேள்விக்கே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "குடுத்தாத்தானே திங்கிறதுக்கு!" என்று கத்தினார். மணிக்கொரு தரம் இதே சண்டை. காய்ச்சல் இறங்கிவிட்டது.

"தெரிஞ்சேதான் அப்படிக் கேட்டீகளா?" என்றேன் சிஸ்டரிடம்.

"நம்ம ஊர்ல யாரப் பாத்தாலும் மொதல்ல அதத்தானே கேப்போம்?" என்றார், பேனாவைத் தேடிக்கொண்டே.

வீட்டுக்குக் கிளம்பும்போது அப்பா மிஷினிடம் போய் நின்றார். "சாப்ட்டேன்த்தா. நீ சாப்ட்டியா?"

மிஷின் பேசவில்லை. பின்னாலிருந்து சிஸ்டர்தான் சொன்னார்: "இன்னும் இல்லய்யா."