ஏழால் பெருக்கினால்

செஞ்சி கடைவீதியில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறேன். பத்தாவது வரை படித்தவன். வருகிறவர்களிடம் விலையை வாய்விட்டுச் சொல்லவே எனக்குக் கூச்சம். கால்குலேட்டரில் தட்டித் திருப்பிக் காட்டிவிடுவேன். ஆள் வராத மதியங்களில் அதில் எதையாவது வகுத்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒருநாள் ஒன்றை ஏழால் வகுத்தபோது புள்ளிக்குப் பின்னால் திரும்பத் திரும்ப வந்ததுதான் 142857.

அதை இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. ஆறு வரைக்கும் அதே இலக்கங்கள், அதே வரிசை. ஆரம்பிக்கும் இடம்தான் மாறும். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போடும் ராட்டினத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி. ஏழால் பெருக்கினால் எல்லாரும் இறங்கிவிடுவார்கள்: 999999.

கல்யாணமான புதிதில் மனைவியிடம் நானாகப் பேசிய முதல் பேச்சு இதுதான். அவள் அனந்தபுரத்துக்காரி, வாய் ஓயாதவள்.

"நாலு நாளா வாயில கொழுக்கட்டைய வெச்சிக்கினு இருந்துட்டு, தொறந்ததும் கணக்கா?" என்று சிரித்தாள்.

ஆனால் அவளுக்குப் பிடித்துவிட்டது. விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்க உட்காரும்போதெல்லாம் விரல்களைக் காட்டுவாள், நான் விடை சொல்ல வேண்டும். சில வருஷத்தில் அவளுக்கே எல்லாம் மனப்பாடம். ஏழு காட்டினால் ஆட்டம் முடிந்தது, எழுந்து சாப்பிட வா என்று அர்த்தம்.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். நினைவு இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவளுடைய இடது கையில் மூன்று விரல்களை நானே நிமிர்த்தி, விடையையும் நானே சொன்னேன்.

"நைனா, அம்மாவுக்கு ஒண்ணும் புரியலன்றாங்க. அதுகிட்ட போய் கணக்கு சொல்லிக்கினு இருக்கியே" என்றாள் மகள்.

பதற்றத்தில் 428517 என்று சொல்லியிருந்தேன். கடைசி இரண்டும் இடம் மாறிவிட்டன. மனைவியின் விரல்கள் மெல்ல மடங்கி, மறுபடி மூன்றாக நிமிர்ந்தன. திருத்திச் சொன்னேன். விரல்கள் அடங்கின. மகள் வராந்தாவுக்குப் போய் அழுதாள்.

அதன்பின் மூன்று நாள் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

கடைசி நாள் மதியம் ஐந்து விரல் காட்டினாள். 714285 என்றேன். உடனே இரண்டு. 285714 என்றேன். என் முகத்தையே பார்த்தாள். மறுபடி ஐந்து, மறுபடி இரண்டு. நானும் அதையே சொன்னேன். தப்பில்லாமல் சொல்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சாயங்காலம் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து கடைக்குப் போன அன்று, எதற்கென்று தெரியாமல் அந்த இரண்டு எண்களையும் கால்குலேட்டரில் கூட்டினேன். ஆறு ஒன்பதுகள் வந்தன.

ஒரு கைதான் இருந்தது அவளுக்கு. ஏழு என்பதை இரண்டு தடவையாகத்தான் காட்ட முடியும். அன்று மதியம் நான் சாப்பிட்டிருக்கவில்லை.

பிரைமர் வாங்க வந்தவர் விலைக்காகக் காத்துக்கொண்டு நின்றார். நான் அந்த எண்ணை அழிக்கவில்லை.

"இன்னாண்ணே, கணக்கு தப்பா வருதா?" என்றார்.

"சரியாதான் இருக்குது" என்றேன். அவருக்கான விலையை வாயாலேயே சொன்னேன்.