நானே பிரித்த கறுப்புத் தாள்

அப்போது சண்டைக் காலம். வெள்ளவத்தையில் அறை எடுத்து, களனிப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் இறுதி வருடம் படித்தேன். என் ஆய்வே நகமளவு சிலிக்கன் துண்டு ஒன்றுதான். அதன்மேல் ஒற்றை மூலக்கூற்றுத் தடிப்பில் அசோபென்சீன். புற ஊதா ஒளி பட்டால் அந்த மூலக்கூறு முழங்காலை மடக்கும். பகல் வெளிச்சத்தில் மறுபடி நிமிரும். ஒளியால் போட்டு அணைக்கிற சுவிட்ச்! கண்ணுக்குத் தெரியாது. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் பிடிபடும்: நிமிர்ந்திருந்தால் சொட்டு உருண்டு நிற்கும், மடங்கினால் சற்றுப் பரவும்.

சொட்டை அளக்கும் கமரா வெள்ளி வரைக்கும்தான் எனக்கு. அளவு இல்லையென்றால் ஆய்வறிக்கையும் இல்லை. அந்த வாரம் பார்த்துத்தான் ஆய்வுகூடத்தின் புற ஊதா விளக்கு எரிந்துபோனது.

வியாழன் காலை, காலி வீதியில் வெளிநாட்டுக் காசு மாற்றும் கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு கண்ணில் பட்டது. அதன்கீழ் துண்டைப் பத்து நிமிடம் வைத்தேன்.

"இதென்ன தங்கச்சி, எந்த நாட்டுக் காசு?" என்றார் கடைக்காரர்.

வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளில் சுற்றி பஸ் ஏறினேன். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கினோம். எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஒரு பழக்கம்: கேட்கும் முன்பே எல்லாவற்றையும் திறந்து காட்டிவிடுவோம். அடையாள அட்டை, பை, சாப்பாட்டுப் பெட்டி. அதே வேகத்தில் கறுப்புத் தாளையும் நானே விரித்தேன், நடு வெயிலில். ஆமிக்காரன் பார்க்கக்கூட இல்லை.

"யன்ன நங்கி, யன்ன." போ தங்கச்சி, போ.

ஆய்வுகூடத்தில் சொட்டு முத்து மாதிரி உருண்டு நின்றது.

"ஆர் உன்னைத் திறக்கச் சொன்னது?" கூடப் படிக்கும் தோழி கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லையடி."

ஆனால் அந்தச் சொட்டு என்னை விடவில்லை. வெயில் நிமிர்த்தியதா, அல்லது விளக்கில் மடங்கவே இல்லையா? எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும். பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது: துண்டை ஏன் மூட வேண்டும், விளக்கையே கொண்டுபோகலாமே!

"அப்ப நான் நோட்டை எப்பிடிப் பார்க்கிறது?" என்றார் கடைக்காரர்.

"ஒரு நாளைக்குக் கையால தடவிப் பாருங்கோ அண்ணை."

வெள்ளி காலை சாவடியில் விளக்கை எடுத்து, கேட்கும் முன்பே காட்டினேன். ஆய்வுகூடத்தில் அதைப் போட்டு, பத்து நிமிடம் கழித்துச் சொட்டு வைத்தேன்.

பரவியது. யன்னலைத் திறந்து துண்டை வெயிலில் காட்டிவிட்டு இன்னொரு சொட்டு வைத்தேன். உருண்டது.

"எழுதடி, எழுது!" என்று கத்தினேன். பிறகும் விளக்கைப் போட்டேன். அளவு போதும்தான், ஆனாலும் இன்னொரு தரம் பார்க்கவேண்டும் போலிருந்தது.