வ்ரானோவெட்ஸ் நிலவறை

இராஜேந்திரனுக்கு ஐம்பத்தொரு வயது. டூட்டிங்கில் வீடு, இருபத்திரண்டு வருடமாக லண்டனில் பஸ் ஓட்டினான். பயணி யாராவது விடாமல் இருமினால் பஸ்ஸை ஓரங்கட்டி, இறங்கிப்போய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டுவான். டிப்போவில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சென்ற பங்குனியில் அவனுடைய போனுக்கு யாரோ பகிர்ந்த ஒரு படம் வந்தது. செக் நாட்டில் வ்ரானோவெட்ஸ் என்றொரு சின்ன ஊர். அங்கே பழைய கோட்டையைத் திருத்தும்போது நிலவறைக்குள் ஓர் எலும்புக்கூடு கிடைத்திருந்தது. கழுத்தருகே தாயத்தாகக் கட்டும் வெள்ளி அச்சரக்கூடு, அதற்குள் சுருட்டிய தகடு, தகட்டில் எழுத்துகள். ‘இது எந்த மொழி?’ என்று ஊர்த்தலைவி யிட்கா கேட்டிருந்தாள்.

கீழே ஊரின் வரலாறும் இருந்தது. முன்பொரு போரில் சுவீடன் படை கோட்டையைக் கொளுத்தி, உள்ளே ஒளிந்திருந்தவர்களை வெட்டிப்போட்டது. 1945இல் போர் முடிந்த கையோடு ஊர்க்காரரே தங்கள் ஜெர்மானிய அயலவரை அந்த நிலவறையில் அடைத்துத் தடியால் அடித்தார்கள்; ஒன்பது பேர் செத்தார்கள். பிறகு அது ராணுவக் கிடங்கு. ‘1990 முதல் கோட்டை வெறுமையாகக் கிடந்தது’ என்று அந்த வரலாறு முடிந்தது.

வெறுமையாகக் கிடக்கவில்லை. 1997 மார்கழியில் ஏஜென்சிக்காரர் பத்தொன்பது தமிழரை அங்கே பூட்டி வைத்திருந்தார்கள், ஜெர்மன் எல்லையைக் கடத்திவிடுவதற்காக. காவல்காரன் கையில் இரும்புக் குழாய். சத்தம் போட்டால் அடி. ஒருவரின் முழங்கை முறிந்தது. இன்னொருவரின் பற்கள் மண்ணில் கிடந்தன.

ஆறாம் நாள் காலை வெளியே போலீஸ் வாகனம் வந்து நின்றது. அம்பலவாணன் என்ற இருபத்திரண்டு வயதுக்காரனுக்குக் கடும் சளி. அவனால் இருமலை அடக்க முடியவில்லை. பக்கத்தில் கிடந்த இராஜேந்திரன் அவன் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினான். அம்பலவாணன் கடித்தான், உதைத்தான், நகத்தால் கிழித்தான். இராஜேந்திரன் அவன் நெஞ்சில் ஏறியிருந்து இன்னும் அழுத்தினான். போலீஸ் போனபின் கையை எடுத்தான். அம்பலவாணன் அசையவில்லை. காவல்காரன் மண்வெட்டியை எறிய, இராஜேந்திரனே குழி வெட்டினான்.

இறந்தவனின் அக்கா பாலாம்பிகை ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக்கடையில் தையல் வேலை செய்கிறாள். தம்பி பனியில் விழுந்து செத்ததாக அவளிடம் சொன்னவன் இராஜேந்திரன்தான். கடைசிவரை கூட இருந்தவன் என்று, அவள் ஒவ்வொரு திவசத்துக்கும் அவனைக் கூப்பிட்டுச் சோறு போட்டாள்.

படம் வந்த சனிக்கிழமையே அவன் கடையின் பின்னறைக்குப் போய்ப் போனை நீட்டினான்.

“எங்கடை அம்மா கட்டிவிட்ட அச்சரக்கூடு! எங்கையடா கிடைச்சது?”

“அக்கா, அவன் பனியிலை சாகேல்லை. போலீஸ் வந்தவங்கள், அவன் இருமினவன். நான்தான் வாயைப் பொத்தினனான்.”

பாலாம்பிகை மேசையிலிருந்த இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி அடித்தாள். முதல் அடியில் புருவம் பிளந்தது. அவன் தடுக்கவில்லை. இரண்டாவது அடியில் கன்ன எலும்பு நொறுங்கியது. கடை முதலாளி ஷோபா ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தாள்.

“கடைசியிலை ஏதும் சொன்னவனோ?” பாலாம்பிகை கத்தினாள்.

“சொல்ல நான் விடேல்லை, அக்கா.”

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸிடம் கோட்டையில் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னான். முகத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டதற்கு மட்டும், விழுந்துவிட்டேன் என்றான்.

ஆவணியில், அவள் எலும்புகளை வாங்க, அவன் விசாரணைக்கு என்று, இருவரும் வ்ரானோவெட்ஸ் போனார்கள். வழியெல்லாம் அவள் அவனுக்கு முதுகைக் காட்டியே இருந்தாள். எலும்புகளை ஒப்படைத்த யிட்கா, ஊர் வரலாற்றில் ‘இங்கே ஓர் அகதி இறந்தார்’ என்று சேர்க்கலாமா என்று இங்கிலிஷில் கேட்டாள். இராஜேந்திரன் அதைத் தமிழில் சொன்னான்.

“இறந்தாரோ?” பாலாம்பிகை முதல்முறையாக இராஜேந்திரன் பக்கம் திரும்பினாள். “கொலை எண்டு எழுதச் சொல்லு. ஆர் கொலை செய்தது எண்டும் எழுதச் சொல்லு. எனக்கு இங்கிலிஷ் ஏலாது. நீ சொல்லு.”

அவன் சொன்னான். பேனாவோடு காத்திருந்த யிட்காவுக்குத் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தான்.

செக் போலீஸ் இரண்டு நாள் விசாரித்துவிட்டு, முடிவு தெரியும்வரை அவன் லண்டனில் இருக்கலாம் என்றது. முடிவு இன்னும் வரவில்லை. வேலையை விட்டுவிட்டான். முகத்தின் இடப்பக்கம் மரத்துப் போயிருக்கிறது. சாப்பிடும்போது வாயோரம் குழம்பு வழிவது அவனுக்குத் தெரிவதில்லை.