வேலிக்கு அந்தப் பக்கம்

குப்பையைப் பிரிக்காமல் போடுகிறவர்களைத் தெருமுனையிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பவர் ஒகுமுரா அம்மாள். ஜப்பானின் ஹமாமாத்ஸு நகரில் அந்தத் தெருவே அவருக்குப் பயப்படும். அவர் வீட்டு வாசலில் இருந்த கார்டீனியாச் செடியின் பச்சைப் புழுக்கள் மட்டும் பயப்படவில்லை. ஜூன் மழை தொடங்கியதும் செடியை மொட்டையடிக்க ஆரம்பித்தன.

மருந்தடிக்க அவருக்குப் பிடிக்காது. பழைய சாப்பாட்டுக் குச்சியால் ஒவ்வொன்றாகப் பிடித்தார். நசுக்கவும் மனம் வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போட்டார். பக்கத்து வீட்டு நிஷிவாக்கியும் கார்டீனியாதான் வளர்த்தாள். புழு பட்டினி கிடக்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நிஷிவாக்கி இனிப்புப் பெட்டியோடு வந்து, இடுப்பு வளையக் குனிந்தாள்.

"மன்னிச்சிருங்க ஒகுமுரா சான். எங்க செடிப் புழுதான் உங்க செடிக்கும் வந்திருக்கு. தினமும் நீங்க குச்சியும் கையுமா நிக்கறதப் பாக்கவே சங்கடமா இருக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை. ஒகுமுரா பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இனிமே தொல்லை இருக்காதுங்க. காலையிலதான் எங்க செடியை வேரோட பிடுங்கிட்டேன்."

மறுநாள் செடியில் மூன்று புழுக்கள் இருந்தன. ஒன்றைக் குச்சியில் பிடித்துப் பழக்கதோஷத்தில் வேலிப் பக்கம் திரும்பினார். அங்கே ஈர மண்ணில் ஒரு குழி மட்டும் இருந்தது.

புழுவைத் திரும்பக் கொண்டுவந்து, தன் செடியிலேயே நல்ல தளிராகப் பார்த்து அதன்மேல் விட்டார்.