பல்செட்டுக்காரரின் முந்நூற்று நாற்பத்தேழு சைக்கிள்கள்

ஊரார் வாய்க்காகவே உழைத்த மனிதர் பல்செட்டுக்காரர். தனக்கென்று வாய் திறந்து யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மெழுகு உருக்கி, அச்சு எடுத்து, பல் பதித்து, பஸ்ஸில் கொண்டுபோய் டாக்டர்களிடம் கொடுத்துவிட்டு வருவார். அப்படிப்பட்டவரையும் மனு எழுத வைத்தது ஒரு பூட்டு.

பன்னிரண்டு வயது மகளை ஒரு வேன் உரசிவிட்டுப் போனது. முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் அவர் மனைவி அன்று மாலையே மகளின் சைக்கிளைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "சைக்கிளுக்குன்னு தனிப் பாதை போடட்டும். அன்னைக்குத் தரேன்." மகள் இருவரோடும் பேச்சை நிறுத்திவிட்டாள். வேன்காரன் மட்டும் நிம்மதியாக வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். என்ன நியாயமோ!

மகளின் மௌனம் தாங்காமல் பல்செட்டுக்காரர் சாலை அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பொறியாளர் அம்மாள் மனுவைப் படித்துவிட்டு, ஒரே நாளில் முந்நூறு சைக்கிள் போகிற தெருவுக்குத்தான் பாதை என்றார்.

"இருக்கறதே பதினொண்ணுதாம்மா. பயந்துக்கிட்டு யாரும் எடுக்கறதில்ல. பாதை போட்டா வருவாங்க."

"வந்ததும் சொல்லுங்க, போட்டுடலாம். வியாழக்கிழமை எண்ண ஆள் அனுப்பறேன்."

பல்செட்டுக்காரர் அந்தப் பதினொரு பேர் வீட்டுக்கும் நடந்தார். அதில் ஏழு பேர் அவர் செய்த பல்லால் சாப்பிடுகிறவர்கள். அந்தப் பல்லை வைத்துக்கொண்டே அவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வார்கள்?

வியாழக்கிழமை விடிந்ததும் எண்ணுகிறவர் குடைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதினொரு சைக்கிளும் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தன. மதியத்துக்குள் தலை சுற்றிப்போய், பக்கத்தில் நின்ற பல்செட்டுக்காரரிடம் முறையிட்டார்.

"சார், இந்தப் பெரியவரையே இருபது தடவை பாத்துட்டேன்."

"எண்ணத்தானே உங்கள உட்கார வெச்சிருக்காங்க? சொந்தம் கொண்டாடவா?"

நியாயமான மனிதர், எண்ணினார். பெரியவர்கள் தெருவை அடைத்துக்கொண்டு ஆடி அசைந்து போக, பின்னால் லாரியும் வேனும் ஊர்ந்தன. ஒருவருக்குப் பல்செட் கழன்று விழ, அதைத் தேடி எடுக்கும்வரை மொத்தப் போக்குவரத்தும் நின்றது. மாலையில் கணக்கு முந்நூற்று நாற்பத்தேழு. பல்செட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. 'ஒரே நாளில் 347 சைக்கிள்கள் சென்றும் விபத்து ஏதுமில்லை. வாகனங்களின் சராசரி வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். ஆகவே இத்தெரு சைக்கிள்களுக்கு மிகவும் பாதுகாப்பானது. தனிப் பாதை தேவையில்லை.'

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மகள் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். பல நாள் கழித்து அவள் குரல் அந்த வீட்டில் கேட்டது.

"அம்மா, பாதுகாப்பானதுன்னு சீல் வெச்சே குடுத்திருக்காங்க. சாவி குடு."

அம்மா கடிதத்தை வாங்கி, சீல் இருக்கிறதா என்று பார்த்தாள். சாவியை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். "உங்க மனுவுக்கு வந்த பதில்தானே? நீங்களே தொறந்து விடுங்க."

பல்செட்டுக்காரர் சைக்கிள் பக்கத்தில் குந்தினார். சாவி பூட்டுக்குள் போனது. வெளியே ஒரு லாரி பாய்ந்து போக, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் கை திரும்பவில்லை.

"அது பொய்டா கண்ணு."

"ஆபீஸ்ல பொய் எழுதுவாங்களா?"

"அவங்க இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "அப்ப உண்மைய எழுதிக் குடுங்கப்பா" என்றாள்.

உண்மையை எழுதினால் பாதை என்ற பேச்சே இனி எழாது என்று அவருக்குத் தெரியும். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மேசைமேல் இருந்த பல் அச்சுகளை ஒதுக்கிவிட்டு, தாளை எடுத்து எழுதினார்:

'எங்கள் தெருவில் ஓடும் சைக்கிள்கள் பதினொன்று. பன்னிரண்டாவது என் மகளுடையது. அதை ஓட்ட விடாமல் சாவியை வைத்திருப்பவன் நான்.'