தாளின் ஈரம்

கிருஷ்ணகுமாரிக்குக் கோபம் வந்தால் கை வேகமாகும். அன்று காலை செப்புத் தகட்டில் மையை அவள் துடைத்த வேகத்தில் துணியே கிழிந்தது.

காரணம், மேசையில் கிடந்த அழைப்பிதழ். 'செப்புத் தகட்டில் வண்ண அச்சு: முதல் முயற்சிகள். ஓவியர் இந்திரகுமார்.' அடியில் பொடி எழுத்தில், 'உதவி: தோட்டத்துப் பெண்கள்.'

எந்தப் பெண்கள்? ஓப்பநாயக்க ஊரில் இந்திரகுமாரின் அச்சுக்கூடத்தில் இரண்டு வருடமாக மாடாய் உழைத்தவள் அவள் ஒருத்திதான்.

இந்திரகுமார் கெட்டிக்காரர், இல்லையென்று யார் சொன்னது? மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று மூன்று தகடுகள் செதுக்கினார். நனைத்த தாளை மூன்றிலும் வரிசையாக வைத்து அழுத்தினால் ஒரே படமாக வரவேண்டும். எங்கே வந்தது? அடுத்த தகட்டுக்குப் போவதற்குள் தாள் காய்ந்து சுருங்கிவிடும். படத்திலுள்ள மீன்கொத்தி ஓரிடத்தில், அதன் சிவப்பு அலகு வேறிடத்தில் நிற்கும். ஏழு மாதம் தாளைக் கிழித்துப் போட்டதுதான் மிச்சம்.

வழி கண்டவள் அவள். தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் கொழுந்து வாட்டியவள். ஒரு பிடி அள்ளினாலே ஈரத்தின் பதம் சொல்லிவிடுவாள். தாளையும் அப்படித்தான் தொட்டுப் பார்த்தாள். ஈரச் சாக்குகளுக்கு இடையில் வைத்து, மூன்று தகட்டுக்கும் ஒரே பதத்தில் எடுத்துக் கொடுத்தாள். அலகு மீன்கொத்தியிடம் வந்து சேர்ந்தது.

"என் பேரு எங்க சேர்?" என்று கேட்டும் விட்டாள்.

"தாளை நனைக்கிறதுக்கெல்லாம் பேரு போடுவாங்களா, குமாரி? விடுங்க, இன்னைக்கு நானே நனைச்சுக்கிறேன்."

பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து சிங்கள விருந்தினர்கள் வந்தார்கள். அவர்கள் முன்னால் இந்திரகுமார் அச்சடித்துக் காட்டினார். மஞ்சள் நன்றாக விழுந்தது. சிவப்பில் அலகு விலகியது. அடுத்த தாளில் இன்னும் விலகியது.

"குமாரி, கொஞ்சம் வந்து தாளைப் பாருங்க."

அவள் அசையவில்லை. வந்தவர்களுக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்திலேயே பதில் சொன்னாள். இந்தப் படத்துக்கு ஈரம் பார்த்தது தோட்டத்துப் பெண்கள் இல்லை, நான். என் பெயரை அழைப்பிதழில் எழுதுங்கள், வருகிறேன்.

விருந்தாளி அம்மா ஒருவர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து இந்திரகுமாரிடம் நீட்டினார். இந்திரகுமார் முகம் கறுக்க, அழைப்பிதழில் 'தோட்டத்துப் பெண்கள்' என்பதை அடித்துவிட்டு 'குமாரி' என்று எழுதினார்.

"முழுப் பேரையும் எழுதுங்க சேர்," என்றாள் அவள். எழுதி முடிக்கும்வரை தாளைத் தொடவில்லை.